நூற்றுப் பத்து முட்டைகளின் கணக்கு

ஜனவரி முதல் மார்ச் முடிய, நள்ளிரவை ஒட்டிச் சென்னை நீலாங்கரைக் கடற்கரையிலிருந்து ஒரு சிறு கூட்டம் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கும். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். நடுவே ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர் ஓரிருவர், வார இறுதியென்றால் அம்மாவின் கையைப் பிடித்தபடி தூக்கக் கலக்கத்தில் தள்ளாடும் பள்ளிப் பிள்ளைகள். பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் என்று ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஈர மணலில் நடந்து பெசன்ட் நகர் சேர்வதற்குள் கிழக்கு வெளுக்க ஆரம்பித்துவிடும். சம்பளம் கிடையாது. வழியில் கடலாமை முட்டை கிடைத்தால் பத்திரமாக எடுத்துவந்து வேலி போட்ட ஓர் இடத்தில் மறுபடி புதைப்பார்கள். குஞ்சு பொரித்ததும் கடலில் விடுவார்கள். அவ்வளவுதான் வேலை.

இதைக் கேள்விப்படும் யாருக்கும் இரண்டு சந்தேகங்கள் எழும். கடலாமைகள் 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாக இந்த உலகத்தில் இருக்கின்றன. அத்தனை காலமும் தானே குழி தோண்டித் தானே முட்டையிட்டுத் தானே பிழைத்த பிராணிக்கு இப்போது மட்டும் ஏன் ஆள் துணை? இது முதல் சந்தேகம். இரண்டாவது இன்னும் கூர்மையானது. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் இரவெல்லாம் நடந்து ஒரு குழியின் நூற்றுச் சொச்சம் முட்டைகளைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது?

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். அதில் 110 முட்டைகள் என்று வைத்துக்கொள்வோம். அந்த முட்டைகளின் பின்னாலேயே போய்ப் பார்த்தால் இரண்டு சந்தேகங்களுக்கும் விடை கிடைக்கிறது. இரண்டாவதற்குக் கிடைக்கும் விடை அத்தனை இனிப்பானதல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மணலில் எழுதிய தடம்

நம் கரைக்கு வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஓட்டின் நீளம் இரண்டடியை ஒட்டி, எடை 40 கிலோவுக்கு முன்னே பின்னே. கடலாமைகளில் இது சிறிய இனம். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இவை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஏறி முட்டையிடும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சென்னையில் அந்தக் கூட்டம் இல்லை. ஒன்றொன்றாக, இரவில், ஆளரவம் இல்லாத இடம் பார்த்து ஏறும்.

நடப்பவர்கள் தேடுவது ஆமையை அல்ல, தடத்தை. ஆமை கரையேறி, குழி பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்ப ஒரு மணி நேரம்தான் ஆகும். அந்த நேரத்தில் சரியாக அந்த இடத்தைக் கடந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் மணலில் கோடுதான் மிஞ்சியிருக்கும். பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து நகரும். அதனால் இரு பக்கக் கீறல்களும் நேருக்கு நேராக விழாமல், ஒன்று விட்டு ஒன்றாக விழும். பச்சை ஆமை இரு முன்துடுப்புகளையும் ஒன்றாக ஊன்றித் தாவுவதால் அதன் தடம் வேறு மாதிரி. பழகிய கண்ணுக்கு நிலா வெளிச்சம் போதும்.

தடம் இருந்தால் முட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது. நாய் குரைத்திருக்கும், விளக்கு உறுத்தியிருக்கும், ஆமை பாதியில் திரும்பியிருக்கும். முட்டையிட்டிருந்தால் தடத்தின் உச்சியில் மணல் கலைந்து கிடக்கும். குழியை மூடிய பிறகு பங்குனி ஆமை தன் உடம்பை இரு பக்கமும் சாய்த்துச் சாய்த்து, அடிவயிற்று ஓட்டால் மணலை ‘தொம் தொம்’ என்று இடித்துக் கெட்டிப்படுத்தும். அதோடு நிற்காமல் சுற்றிலும் மணலை வாரி இறைத்துவிட்டுப் போகும். அந்தக் கலைந்த பரப்பில் குழியின் வாய் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். மெல்லிய கம்பி ஒன்றை இங்கும் அங்கும் லேசாக ஊன்றிப் பார்ப்பார்கள். கெட்டி மணலில் கம்பி நிற்கும். தோண்டி மூடிய இடத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் முட்டை பொத்துக்கொள்ளும் என்பதால் இதைப் புதியவர்கள் கையில் கொடுக்கமாட்டார்கள்.

பிறகு கைதான். குழி கழுத்து ஒடுங்கி, அடி அகன்று, ஒரு குடத்தின் உட்புறம் போல இருக்கும். ஆழம் ஒன்றரை அடி. மணலில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டால்தான் கடைசி முட்டை எட்டும். முட்டை கோழிமுட்டை மாதிரி விறைப்பாக இருக்காது. ஓடு தோல் மாதிரி நெகிழும், புதிதாக இட்டதென்றால் ஒரு பக்கம் விரல் வைத்து அமுக்கிய குழிவும் இருக்கும். தாய் மேலிருந்து போடப் போட ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் உடையாமல் இருப்பது இந்த நெகிழ்ச்சியால்தான். ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, துணிப்பையில் வைக்கிறார்கள். நம் குழியில் 110.

இப்போது முதல் சந்தேகத்துக்கு வரலாம். அங்கேயே விட்டால் என்ன? விட்டால் முதலில் வருவது தெருநாய். அந்த நாய்களை அங்கே வாழவைப்பது நம் குப்பை. 1970களில் மனிதர்களும் முட்டையை எடுத்துச் சந்தையில் விற்றார்கள். அப்போது ரோமுலஸ் விட்டேக்கரும் வள்ளியப்பனும் மெட்ராஸ் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்களும் இந்தக் கரையில் நடந்து பார்த்தார்கள். தோண்டப்பட்ட வெறுங்குழிகளே அதிகம் தென்பட்டதால்தான் முட்டையை இடம் மாற்றும் யோசனை பிறந்தது. அதற்குப் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், வனத்துறையும் அந்த வேலையைச் செய்தன. 1988இல் மாணவர்கள் சிலர் சேர்ந்து ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு’வைத் தொடங்கி அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அன்று தொடங்கியது இன்னும் நடக்கிறது. பழைய கூட்டம் படிப்பு முடித்துப் போகப் போகப் புதிய கூட்டம் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது.

கோழி திருப்பும், ஆமை திருப்பாது

முட்டையை இடம் மாற்றுவது பார்ப்பதற்குச் சுலபம். ஆனால் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடைகாக்கும் கோழி முட்டையை அலகால் அடிக்கடி உருட்டிவிடுவதைப் பார்த்திருக்கலாம். உருட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோழிமுட்டையை உடைத்தால் வெள்ளைக்கருவில் முறுக்கிய நூல் மாதிரி ஒன்று தெரியும். மஞ்சள் கருவை நடுவில் தாங்கிப் பிடிக்கும் நாண் அது. முட்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கரு உள்ளே சுழன்று மேலே வந்துவிடும். ஆமை முட்டையில் இந்த நாண் இல்லை. அங்கே கரு ஓட்டின் உட்புறம் மேல்பக்கமாகப் போய் ஒட்டிக்கொண்டால்தான் வளரும். அப்படி ஒட்டிய இடம் வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நாளாக ஆக அது பரவும். ஒட்டிய பிறகு முட்டை புரண்டால் மென்மையான சவ்வு கிழிந்து கரு செத்துவிடும். கோழிக்கு உயிர் காக்கும் அதே செயல் ஆமைக்கு எமன்.

அப்படியானால் தாயின் வயிற்றுக்குள் முட்டை புரளாதா? புரளும். அதற்கு ஆமையிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கருக்குழலுக்குள் இருக்கும் வரை முட்டையைச் சுற்றியுள்ள கோழைத் திரவம் பிராணவாயுவைக் குறைத்துவைக்கிறது. கரு ஆரம்பக் கட்டத்திலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். வெளியே வந்து காற்றுப் பட்டதும் நின்ற இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். தாய் தக்க கரை கிடைக்கும்வரை நாள்கணக்கில் கடலில் காத்திருக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

முட்டை மணலில் விழுந்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இடம் மாற்றினால் பயமில்லை. அதற்குமேல் ஆபத்து மணிக்கு மணி கூடும். கரையில் வலை சரி செய்துகொண்டிருக்கும் மீனவரிடம் இவர்கள் பேசும் பேச்சிலும் அது தெரியும்.

“வடக்கால ஒண்ணு ஏறிட்டுப் போயிருக்குது தம்பி. முட்ட போட்டுச்சா தெர்ல.”

“எத்தினி மணி இருக்கும்ணே?”

இடம் எது என்பதைவிட நேரம் எது என்பதுதான் முக்கியம். விடிந்த பிறகு கண்டுபிடித்த குழி என்றால் எடுக்கும் விதமே மாறும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கமே மேலே இருக்கும்படி, ஒவ்வொரு முட்டையையும் இம்மியும் புரளாமல் தூக்க வேண்டும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்து நடக்கும் வேலையெல்லாம் ஆகாது.

மகளா மகனா

குஞ்சு பொரிக்கும்வரை முட்டைகளைப் புதைத்துக் காக்கும் வேலியிட்ட இடத்தைப் பொரிப்பகம் என்பார்கள். அங்கே புதிய குழியைப் பழைய குழியின் அதே ஆழத்துக்கு, அதே வடிவில் தோண்ட வேண்டும். இதற்காகவே மூலக்குழியின் ஆழத்தையும் அகலத்தையும் கரையிலேயே அளந்து எழுதிக்கொள்கிறார்கள். அரை அடி கூடக்குறைய இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். ஆணா பெண்ணா என்பதே கெட்டுவிடும்.

நமக்கு அதைத் தீர்மானிப்பது கருவுறும் நேரத்தில் சேரும் குரோமோசோம்கள். கடலாமைக்கு அந்த ஏற்பாடு கிடையாது. முட்டை மணலுக்குள் இருக்கும் காலத்தின் நடு மூன்றிலொரு பங்கில் மணல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. ‘வெப்பவழிப் பால் நிர்ணயம்’ என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். பெரும்பாலான கடலாமைகளுக்கு 29 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமமாகப் பிறக்கும். சூடு அதற்குமேல் ஏறினால் பெண் குஞ்சுகள், இறங்கினால் ஆண் குஞ்சுகள். ஒன்றிரண்டு டிகிரியில் தராசு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துவிடும். 34, 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, கரு வெந்துபோகும்.

ஆழம் குறைந்த குழி வெயிலில் சீக்கிரம் சூடேறும். ஜனவரிக் குளிரில் இட்ட முட்டையும் மார்ச் கடைசியில் இட்ட முட்டையும் ஒரே விகிதத்தில் பிள்ளை தராது. சூடு கூடினால் பொரிக்கும் காலமும் சுருங்கும். நம் கரையில் 45 நாளிலிருந்து 55 நாள் வரை ஆகும். ஒரு குழி எத்தனை நாளில் பொரித்தது என்பதை வைத்தே உள்ளே மகள்கள் அதிகமா மகன்கள் அதிகமா என்று ஓரளவு ஊகிக்கலாம். சில பொரிப்பகங்களில் கோடை நெருங்கியதும் நிழல்வலை கட்டுவது இதற்காகத்தான்.

கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு முன்னோட்டம் இருக்கிறது. பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த பச்சை ஆமைகளை ஆராய்ந்து 2018இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்கள். ஆண் வாரிசு வேண்டுமென்று வேண்டுதல் வைக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. ஆமை குலத்துக்காக அப்படி வேண்டிக்கொள்ளும் நாளும் வரலாம்.

கடல் எந்தப் பக்கம்

ஐம்பதாவது நாளை நெருங்கும்போது நம் குழிக்குமேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்துவைக்கிறார்கள். வெளிவரும் குஞ்சுகள் சிதறாமல் இருக்க.

ஓட்டைக் கிழித்துக்கொண்டு வந்த குஞ்சு உடனே மேலே வருவதில்லை. தனியாக அதனால் வரவும் முடியாது. உடன்பிறப்புகள் எல்லாம் பொரித்து, எல்லாமாகச் சேர்ந்து அசைய, மேலே உள்ள மணல் சரிந்து அடியில் நிரம்ப, மொத்தக் கூட்டமும் அங்குலம் அங்குலமாக உயரும். இதற்கே இரண்டு மூன்று நாள் ஆகும். மேற்பரப்பு நெருங்கியதும் மணல் சுட்டால் அசைவை நிறுத்திவிடும். பகல் முடிந்து மணல் ஆறியதும் மறுபடி கிளம்பும். கழுகும் காகமும் வெயிலும் இல்லாத இரவில்தான் குஞ்சுகள் வெளியே தலைகாட்டுகின்றன. நேரம் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் மணலின் சூடே நேரம் சொல்கிறது.

வெளியே வந்ததும் எந்தப் பக்கம் ஓடுவது? முன்பின் கடலைப் பார்த்திராத குஞ்சுக்கு ஒரே ஒரு விதி தெரியும். தொடுவானத்தில் தாழ்வாக எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் போ. இருட்டாக உயர்ந்து நிற்பதை விட்டு விலகு. மின்விளக்கு வருவதற்கு முன்பு இந்த விதி தவறியதே இல்லை. நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்பும் கடல் எப்போதும் கரையைவிடச் சற்று வெளிச்சமாக இருக்கும். பின்னால் தாழைப் புதரும் மணல்மேடும் இருட்டாக நிற்கும். இப்போது பின்னால் நிற்பது கிழக்குக் கடற்கரைச் சாலை. விதியை ஒழுங்காகப் பின்பற்றும் குஞ்சு நேராகத் தெருவிளக்கை நோக்கி ஓடி, சாலையில் நசுங்கியோ காலை வெயிலில் காய்ந்தோ முடிந்துபோகும். பருவ மாதங்களில் கரையோர விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லித் தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருப்பது இதனால்தான்.

இதனால்தான் நம் குழியின் குஞ்சுகளை எண்ணி, கூடையோடு அலைக்குச் சில அடி தூரத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். தண்ணீரிலேயே போடுவதில்லை. அந்தச் சில அடி தூரத்தை அவை தாமே நடக்க வேண்டும் என்பது வழக்கம். கடலுக்குள் போனதும் ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்தும். கரையோர மீன்களின் வாயிலிருந்து தப்ப அதுவே வழி.

இருபது குழி, ஒரு மகள்

110 முட்டையில் ஏறத்தாழ 88 குஞ்சுகள் கடல் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். இனி இரண்டாவது சந்தேகம். இதனால் என்ன ஆகிறது?

ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கை யாரும் கடலுக்குள் போய் எண்ணிச் சொன்னதில்லை. அது எளிய யோசனையிலிருந்து வருவது. அந்த யோசனையை நாமே செய்து பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு தாய் ஆமை ஒரு பருவத்தில் இரண்டு முறை முட்டையிடுகிறது, வாழ்நாளில் பத்துப் பருவம் கரைக்கு வருகிறது என்போம். மொத்தம் 20 குழி, 2,200 முட்டை. ஆமைகளின் எண்ணிக்கை கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டுமானால் இத்தனையிலும் ஒரு மகளும் ஒரு மகனும் மட்டும் பெரியதானால் போதும். 2,200இல் இரண்டு. அதாவது ஆயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. அத்தனை குஞ்சுகள் சாவது இயற்கையின் குறைபாடு என்று நினைக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கில்தான் இந்த இனம் கோடி ஆண்டுகள் ஓடியிருக்கிறது.

பழைய நாளில், தொந்தரவு இல்லாத கரையில், பாதி முட்டைகள் குஞ்சாகிக் கடல் சேர்ந்திருக்கும் என்று வைப்போம். 1,100 குஞ்சு. அதில் இரண்டு பிழைத்தால் 550க்கு ஒன்று. இந்த 550ஐ நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய சென்னைக்கு வாருங்கள். நாயும் விளக்கும் சேர்ந்து பத்தில் ஒன்பது பங்கை அழித்தால் 220 குஞ்சுதான் கடல் சேரும். வாரிசு ஒன்றுகூட இல்லை, அரை ஆமைக்கும் குறைவு. இதே இடத்தில் பொரிப்பகம் வைத்து 80 சதவீதம் காப்பாற்றினால் 1,760 குஞ்சு. 550ஆல் வகுத்தால் மூன்றுக்கு மேல். இரண்டு தேவைப்படும் இடத்தில் மூன்று! இரவெல்லாம் நடந்ததற்குக் கூலி கிடைத்துவிட்டது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒன்றைத் தொடாமல் விட்டிருக்கிறேன். தாய் பத்துப் பருவம் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். ஐந்தாவது பருவத்திலேயே அவள் மீன்வலையில் சிக்கிச் செத்தால்? முட்டை 1,100ஆகக் குறையும். பொரிப்பகத்தில் ஒரு குறையும் இல்லாமல் 80 சதவீதம் பொரிக்கிறது, 880 குஞ்சு. 550ஆல் வகுத்தால் ஒன்றரையைச் சற்றுத் தாண்டும். இரண்டு வேண்டும், இருப்பது ஒன்று புள்ளி ஆறு. கரையில் எல்லாம் சரியாகச் செய்தும் ஆமை குறைந்துகொண்டே போகும்.

முதல்முறையாகக் கரையேற வந்த பெண் ஆமை ஒன்று வலையில் சாகிறது என்றால் இன்னும் மோசம். அப்படி ஒரு பெண் உருவாக இயற்கை 2,200 முட்டைகளைச் செலவழித்திருக்கிறது. நம்முடையது போன்ற இருபது குழிகள். அதோடு, பிறந்த குஞ்சு முட்டையிடும் வயதை எட்டப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். இன்று விட்ட குஞ்சு அந்த இழப்பை ஈடுசெய்ய வந்தாலும் அத்தனை காலம் தாழ்த்தித்தான் வரும்.

நான் போட்டது விளையாட்டுக் கணக்கு. இதையே அமெரிக்காவில் டெபோரா கிரவுஸ், லாரி கிரவுடர், ஹால் காஸ்வெல் ஆகிய மூவர் பெருந்தலை ஆமைகளை வைத்து 1987இல் முறையாகச் செய்தார்கள். ஜார்ஜியா மாகாணத்துத் தீவு ஒன்றில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பதிவுகளிலிருந்து, முட்டை முதல் முதிய ஆமை வரை ஒவ்வொரு வயதுக்கட்டத்திலும் எத்தனை பிழைக்கின்றன என்று பிரித்துப் பார்த்தார்கள். வந்த முடிவு அன்றைய பாதுகாப்புக்காரர்களுக்குக் கசந்தது. நூற்றுக்கு நூறு முட்டையையும் காப்பாற்றினாலும் அந்த ஆமைகளின் வீழ்ச்சி நிற்காது. ஓரளவு வளர்ந்த, இன்னும் முட்டையிடத் தொடங்காத ஆமைகளின் சாவைக் குறைத்தால் நிற்கும். அந்த ஆமைகள் செத்துக்கொண்டிருந்தது இறால் பிடிக்கும் இழுவலைகளில்.

செத்த ஆமைகளின் பட்டியல்

கடலாமை மீன் அல்ல. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலை கடலின் அடியில் மணிக்கணக்கில் இழுபடும்போது உள்ளே மாட்டிய ஆமை மூச்சு முட்டிச் சாகும். தூக்கி எறியப்பட்ட உடல் அலையோடு கரை சேரும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருக்கும்.

நள்ளிரவில் நடப்பவர்கள் முட்டைக்குழியை மட்டும் குறிப்பதில்லை. வழியில் கிடக்கும் ஒவ்வொரு பிணத்தையும் நின்று பார்க்கிறார்கள். நாடாவை ஓட்டின் வளைவோடு வைத்து அளக்கிறார்கள். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண், ஓட்டுக்குள் அடங்கினால் பெண். மறுநாள் வருபவர் திரும்ப எண்ணிவிடாமல் இருக்க ஓட்டில் பெயின்ட் அடையாளம். இடம், தேதி. நாற்றத்தைச் சொல்லவேண்டியதில்லை. குஞ்சு விடும் சனிக்கிழமை மாலைக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட இந்த வேலைக்கு வராது.

என்னைக் கேட்டால், தன்னார்வலர்கள் செய்யும் வேலைகளில் அறிவியலுக்கு அதிகம் உதவுவது இந்தப் பட்டியல்தான். குஞ்சுகளை எண்ணினால் நாம் என்ன செய்தோம் என்று தெரியும். பிணங்களை எண்ணினால் கடலில் என்ன நடக்கிறது என்று தெரியும். அதுவும் முழுதாக அல்ல. கடலில் சாகும் ஆமைகளில் ஒரு பகுதியே கரை ஒதுங்கும். மற்றவை மூழ்கும், மீன் தின்னும், நீரோட்டம் வேறெங்கோ கொண்டுபோகும். ஆண்டுதோறும் ஒரே கரையில், ஒரே முறையில் எண்ணிக்கொண்டே வந்தால்தான் எந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறானது என்று சொல்ல முடியும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அது அசாதாரணம் என்று உடனே சொல்ல முடிந்தது, பழைய எண்கள் கையில் இருந்ததால்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

கரையில் நடந்த மாணவர்களில் சிலர் அங்கே எழுந்த கேள்விகளோடு ஆய்வுக்கூடத்துக்கும் போனார்கள். 1988 கூட்டத்தில் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பங்குனி ஆமைகளின் மரபணுவை ஆராயும் விஞ்ஞானியானார். இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றையும் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். இன்னொரு பக்கம், ட்ரீ ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே காவலுக்குச் சேர்த்தன. சில குப்பங்களில் கடலாமையைக் ‘குட்டியாண்டவர்’ என்று சொல்லும் பழக்கம் உண்டு. வலையில் மாட்டினால் வலையை அறுத்து ஆமையை விட்டுவிட்டுக் கும்பிடுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இழுவலையில் ஆமை சாவதைத் தடுக்கக் கருவி இல்லாமல் இல்லை. இழுவலையின் கழுத்தில் கம்பிகள் பொருத்திய ஒரு சட்டத்தைச் சாய்வாக வைத்தால், நாலு அங்குல இடைவெளியில் இறால் புகுந்து உள்ளே போகும். ஆமை சட்டத்தில் மோதி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியாக வெளியேறும். ஆமை விலக்கி என்று சொல்லலாம். இதன் முன்னோடியைச் செய்தவர் விஞ்ஞானி அல்ல. ஜார்ஜியா மாகாணத்து இறால் மீனவர் சிங்கி பூன். வலையை நிரப்பி இம்சை செய்த ஜெல்லி மீன்களைத் தள்ளிவிட அவர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஆமையும் தப்பியது உபரி லாபம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி அதை வடிவமைத்துத் தந்திருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான படகுகளில் அது ஏறவில்லை. திறப்பு வழியாக ஆமையோடு பெரிய மீனும் போய்விடும் என்பது மீனவர்களின் வாதம். அந்த இழப்பு சிறியதுதான் என்று நிறுவனம் சொல்கிறது. டீசல் விலையையும் கடனையும் வைத்துக் கணக்குப் போடுகிறவருக்குச் சிறியது என்பது எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. அந்த இழப்பை யார் ஏற்பது என்று பேசாமல் கருவியை மட்டும் கையில் கொடுத்தால் அது படகின் மூலையில்தான் கிடக்கும்.

சட்டமும் இருக்கிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்கு அப்பால்தான் மீன்பிடிக்க வேண்டும். முட்டையிட வரும் ஆமைகள் கூடுவது கரையை ஒட்டிய அந்த நீரில்தான் என்பதால், விதி மீறப்படும் இடமும் ஆமை சாகும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. அது மீன்களின் இனப்பெருக்கத்தை மனத்தில் வைத்துப் போட்டது. ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடிகிறது. அது தொடங்கும்போது பங்குனி ஆமைகளில் பெரும்பாலானவை முட்டையிட்டு முடித்துத் திரும்பியிருக்கும்.